கழுத்தில் ஒரு சினைப்பை

செம்மறி ஆட்டின் சினைப்பையை வயிற்றிலிருந்து எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைப்பது எப்படி என்று விளக்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்று 1967-இல் வெளிவந்தது. கோடிங், மெக்கிராக்கன், பேர்டு என்ற மூவர் எழுதியது. சினைப்பையை அதன் தமனியோடும் சிரையோடும் சேர்த்து எடுத்து, கழுத்தில் ஓடும் பெரிய தமனியோடும் சிரையோடும் இணைத்து, தோலால் பொதிந்துவிடுகிறார்கள். காயம் ஆறியதும் ஆடு எழுந்து மேயப் போகிறது. இடம் மாறிய சினைப்பை கழுத்திலேயே முட்டை வளர்க்கிறது, ஹார்மோன் சுரக்கிறது.

படிக்கும்போது மனம் கூசத்தான் செய்கிறது. ஆனால் அப்படிச் செய்ய வலுவான காரணம் இருந்தது. ஆட்டின் சினைப்பை பாதாம்பருப்பு அளவே உள்ள உறுப்பு. இடுப்பெலும்புக்கு அருகே, குடல்களுக்கு அடியில் மறைந்து கிடப்பது. அதிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் என்ன கலந்து வருகிறது என்று அறிய, ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்க வேண்டும். மயங்கிக் கிடக்கிற ஆட்டின் இரத்தம், நின்று அசைபோடுகிற ஆட்டின் நிலையைச் சொல்லாது. மூளையடியிலிருந்து வரும் கட்டளைகளோ சீராக ஒழுகுவதில்லை. விட்டுவிட்டுத் துடிப்பாக வருபவை. அதற்குச் சினைப்பை என்ன பதில் சொல்கிறது என்று பார்க்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தாக வேண்டும். சினைப்பை கழுத்துக்கு வந்துவிட்டால் ஆட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் இதைச் செய்யலாம். டேவிட் பேர்டு இந்த முறையை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பல பத்தாண்டுகள் கையாண்டார்.

இப்படி உற்றுக் கேட்டதில் விடை கிடைத்த கேள்விகளில் ஒன்று, ஆடு வளர்க்கும் எவருக்கும் தோன்றக்கூடியதுதான். ஒரு பெட்டை ஒரு குட்டி ஈனுகிறது. பக்கத்தில் நிற்பது இரண்டு ஈனுகிறது. எங்கோ ஒரு மந்தையில் ஒன்று ஐந்து ஈனுகிறது. இந்த எண்ணிக்கையை உடம்பில் எது முடிவு செய்கிறது?

முட்டைப் பஞ்சம் என்பது பதிலாக இருக்கவே முடியாது. பெட்டைக் குட்டி பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பல்லாயிரம் முதல் இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் அது ஈனப்போகும் குட்டிகளைப் பெரும்பாலும் இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்ற முட்டைகள் எல்லாம் வளரத் தொடங்கி இடையிலேயே மடிகின்றன. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இத்தனை முட்டைகள் காத்திருக்கும்போது, ஒன்றோ இரண்டோ போதும் என்று நிறுத்துவது யார்?

ஒவ்வொரு முட்டையும் தனியாக இருப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு செல் உறை. வளர வளர உறை பல அடுக்காகி, உள்ளே நீர் கோத்து, சினைப்பையின் மேற்பரப்பில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு கொப்புளமாகிறது. ஃபாலிக்கிள் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். உறங்கிக்கொண்டிருந்த முட்டை விழித்து, இந்தக் கொப்புளம் முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். ஒரு ஆட்டின் சினைக்காலமே ஐந்து மாதம்தான். குட்டி கருவில் வளரும் காலத்தைவிட, முட்டை தயாராகும் காலம் நீளம்.

அந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி, வெளிக் கட்டளைகளை அதிகம் எதிர்பார்க்காமலே கழிகிறது. கொப்புளம் கடுகு அளவுக்கு, அதாவது இரண்டு மில்லிமீட்டருக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. அதற்குமேல் வளர மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தயவு வேண்டும். பிட்யூட்டரி அனுப்பும் இரண்டு ஹார்மோன்களை எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்று சுருக்கமாக அழைப்போம். முதலாவது கொப்புளங்களை வளர்ப்பது; இரண்டாவது கடைசியில் அவற்றை உடைத்து முட்டையை வெளியேற்றுவது. செம்மறியின் பருவச் சுழற்சி 17 நாள். அதற்குள் எஃப்.எஸ்.எச். பெரும்பாலும் மூன்று முறை மெல்ல எழுந்து தணிகிறது. ஒவ்வொரு எழுச்சியிலும் கடுகளவுக் கொப்புளங்களில் சில கூட்டமாகக் கிளம்புகின்றன. இனம் எதுவானாலும், கிளம்பும் கூட்டம் கடைசியில் வெடிப்பதைவிட எப்போதும் பெரியது.

வளரும் கொப்புளத்தின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. வெளிச்சுவரில் தீக்கா செல்கள், உள்சுவரில் கிரானுலோசா செல்கள். பெண் ஹார்மோன் என்று நாம் அறிந்த ஈஸ்ட்ரோஜனை இரண்டில் எதுவும் தனித்துச் செய்ய முடியாது. எல்.எச். தூண்டியதும் வெளிச்சுவர் செல்கள் கொழுப்புப் பொருளிலிருந்து ஆண் ஹார்மோன் வகை ஒன்றைத் தயாரிக்கின்றன. அது உள்ளே கசிகிறது. எஃப்.எஸ்.எச். தூண்டிய உள்சுவர் செல்கள் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஒருவர் மாவரைத்துக் கொடுக்க, இன்னொருவர் தோசை வார்ப்பது போல. பெட்டையின் உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் ஒவ்வொரு துளியும் சற்றுமுன் ஆண் ஹார்மோனாக இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிற செய்தி. ஆஸ்திரேலியாவில் இந்த இடைப்பொருளுக்கு எதிராக ஆட்டின் உடம்பே எதிர்ப்பொருள் உண்டாக்கும்படி ஒரு ஊசி தயாரித்து, ஃபெகண்டின் என்ற பெயரில் 1980-களில் விற்றார்கள். இடைப்பொருள் கட்டுண்டதும் கணக்குக் குழம்பி, பெட்டைகள் கூடுதல் முட்டை விட்டன. இரட்டைக் குட்டிகள் பெருகின.

ஏன் பெருக வேண்டும்? கொப்புளம் அனுப்பும் செய்தி பிட்யூட்டரிக்குச் சரியாகப் போய்ச் சேராததுதான் அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. இந்த அத்தியாயத்தின் மையம் அந்தச் செய்திதான்.

வளரும் கொப்புளம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும்போது, அது இரத்தத்தில் ஏறி மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் சென்று எஃப்.எஸ்.எச்.-ஐக் குறைக்கச் சொல்கிறது. கூடவே இன்ஹிபின் என்ற புரதமும் போகிறது. இந்தப் பெயரை 1932-இல் மெக்குலா என்பவர் வைத்தார். அவர் ஆராய்ந்தது விதைப்பையிலிருந்து வரும் பொருளை. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்ற வாதம் ஐம்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. பன்றி, மாடு ஆகியவற்றின் சினைப்பைக் கொப்புள நீரிலிருந்து 1985-இல் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகுதான் வாதம் ஓய்ந்தது. ஆனால் செம்மறிகளில் அதன் வேலை அதற்கு முன்பே தெரிந்திருந்தது. கொப்புள நீரைக் கரித்தூளில் கலக்கி வடித்தால் ஈஸ்ட்ரோஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் கரியில் ஒட்டிக்கொள்ளும். புரதங்கள் மட்டும் நீரில் எஞ்சும். அந்த நீரைப் பெட்டைக்கு ஊசியாகப் போட்டால் எஃப்.எஸ்.எச். சரிந்தது. ஊசியை நிறுத்தினால் அணை திறந்தது போல் எழுந்தது. அடுத்த பருவத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் முட்டைகள் வெளிவந்தன.

இனி அந்தக் கூட்டத்தைப் பாருங்கள். எல்லாக் கொப்புளங்களும் எஃப்.எஸ்.எச்.-ஐ நம்பி வளர்கின்றன. அவற்றுள் சற்று முந்திய ஒன்று, மிளகு அளவைத் தாண்டிப் பட்டாணியை நெருங்கும்போது, எஃப்.எஸ்.எச்.-ஐக் குறைக்கும் செய்தியை மற்றவற்றைவிட அதிகமாக அனுப்புகிறது. எஃப்.எஸ்.எச். குறைகிறது. குறைந்தால் தனக்கும்தானே ஆபத்து? ஆனால் அதன் உள்சுவர் செல்கள் அதற்குள் எல்.எச்.-ஐ ஏற்கும் வாங்கிகளை முளைத்துக்கொண்டுவிடுகின்றன. தாயின் மடி வற்றுவதற்குள் புல் மேயக் கற்றுக்கொண்ட குட்டி பிழைத்துக்கொள்கிறது; பாலையே நம்பியிருந்த குட்டிகள் மெலிகின்றன. பின்தங்கிய கொப்புளங்கள் அப்படித்தான் சுருங்கி மறைகின்றன. முந்திய கொப்புளம் பிறவற்றைத் தாக்குவதில்லை. பொதுக் கிணற்றில் நீர்மட்டத்தைத் தாழ்த்திவிட்டுத் தன் கயிற்றை மட்டும் நீட்டிக்கொள்கிறது.

தப்பிய கொப்புளம் தொடர்ந்து ஈஸ்ட்ரோஜனைக் கொட்டுகிறது. முந்தைய பருவத்தில் உடைந்த கொப்புளம் விட்டுச்சென்ற மஞ்சள் திரள் மறைந்து, அது சுரந்த புரோஜெஸ்டிரான் ஹார்மோன் வற்றியிருக்கும் நேரத்தில், ஈஸ்ட்ரோஜன் ஒரு வரம்பைத் தாண்டினால் மூளை அதே செய்தியை நேர்மாறாகப் படிக்கத் தொடங்குகிறது. அடக்கு என்றிருந்தது திற என்றாகிறது. எல்.எச். பெருவெள்ளமாகப் புறப்படுகிறது. பெட்டை பருவத்துக்கு வருவதும் இதை ஒட்டியே: கிடாவைத் தேடும், வாலை ஆட்டும், ஏறவிடும், ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை. எல்.எச். வெள்ளம் எழுந்து ஏறத்தாழ ஒரு நாளில் கொப்புளம் உடைந்து முட்டை வெளியே வருகிறது. கிடா பக்கத்தில் நிற்க வேண்டிய நேரமும் முட்டை வரும் நேரமும் ஒன்றாகப் பொருந்துவதற்கு, இரண்டையும் அந்தக் கொப்புளமே தன் ஈஸ்ட்ரோஜனால் ஏவுவதுதான் காரணம். முட்டை தயார் என்பதை முட்டையின் கூடே ஊருக்கு அறிவிக்கிறது.

உடைந்த கொப்புளம் வீணாவதில்லை. அதன் சுவர் செல்கள் திரண்டு மஞ்சள் திரளாக, கார்பஸ் லூட்டியமாக மாறிப் புரோஜெஸ்டிரானைச் சுரந்து கருப்பையைக் கருவுக்குத் தயார் செய்கின்றன. கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்துக்குள் திரள் கரைய வேண்டும். கரைந்தால்தான் அடுத்த பருவம். கழுத்துச் சினைப்பை எதிர்பாராத ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது இங்கேதான். சினைப்பை கழுத்திலும் கருப்பை வயிற்றிலும் இருந்த பெட்டைகளில் மஞ்சள் திரள் கரையவே இல்லை. கருப்பையையும் சேர்த்துக் கழுத்துக்கு மாற்றியபோது சுழற்சி திரும்பியது. அப்படியானால் கரைக்கும் பொருள் கருப்பையிலிருந்து வருகிறது; அதுவும் உடம்பெல்லாம் சுற்றி வராமல், பக்கத்தில் ஒட்டி ஓடும் இரத்தக் குழாய்களின் வழியே நேராகத் தாவுகிறது. அது புரோஸ்டகிளாண்டின் எஃப்-2-ஆல்ஃபா என்று மெக்கிராக்கனும் கூட்டாளிகளும் 1972-இல் காட்டினார்கள். ஆடு மாடுகளை ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவர இன்று கால்நடை மருத்துவர்கள் போடும் ஊசி இந்த அறிவிலிருந்து வந்ததுதான். கரு தங்கியிருந்தாலோ, அது சுமார் 13-ஆம் நாளில் இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தைச் சுரந்து அந்தத் தாக்குதலை நிறுத்திவிடுகிறது. இரண்டு வாரம்கூட நிரம்பாத கரு, தாயின் இரத்தத்தோடு இணைவதற்கு முன்பே, தான் இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

குளிர்நாட்டு ஆடுகள் இலையுதிர்காலத்தில் மட்டும் பருவத்துக்கு வருகின்றன. ஐந்து மாதம் கழித்து, புல் துளிர்க்கும்போது குட்டி விழும். வெயில் நாடுகளில், தமிழ்நாட்டிலும்தான், செம்மறிகள் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரக்கூடியவை. இதிலும் கொப்புளத்தின் செய்திக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 1970-களில் லீகன், கார்ஷ், ஃபாஸ்டர் மூவரும் பெட்டைகளின் சினைப்பைகளை எடுத்துவிட்டு, ஈஸ்ட்ரோஜன் நிரப்பிய சிறு குழாயைத் தோலடியில் வைத்தார்கள். ஆண்டு முழுவதும் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரே அளவு. ஆனால் இலையுதிர்காலத்தில் எல்.எச். உயர்ந்து நின்றது, வசந்தம் வந்ததும் அடியோடு சரிந்தது, மறு ஆண்டும் அப்படியே. குறுகும் பகலில் மூளை அந்தச் செய்தியைப் பொருட்படுத்துவதில்லை. நீளும் பகலில் அதே செய்திக்கு ஒடுங்கிப்போகிறது. இரவின் நீளத்தை மூளைக்குச் சொல்வது மெலட்டோனின் என்ற ஹார்மோன். ஒரு சொல்லின் பொருள் கேட்பவரின் காதைப் பொறுத்து மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் உடலியலில் அதிகம் இல்லை.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கூமா என்ற ஊருக்கு அருகே, புரூலா என்ற பண்ணையில் சியர்ஸ் சகோதரர்கள் மெரினோ ஆடுகள் வளர்த்தார்கள். மெரினோ கம்பளிக்குப் பேர்போனது, குட்டிக்கு இல்லை. பெரும்பாலும் ஒன்றே ஈனும். இவர்களோ இரண்டும் மூன்றுமாகப் பிறந்தவற்றையே பொறுக்கி வளர்த்து வந்ததில், மந்தையில் நான்கு, ஐந்து குட்டி ஈனும் பெட்டைகள் தோன்றின. அந்த நாட்டு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.-வில் அப்போது ஹெலன் நியூட்டன் டர்னர் இருந்தார். கட்டடக் கலை படித்துவிட்டு, ஆய்வகத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்து, புள்ளியியல் கற்று, ஆட்டு மரபியலில் உலகம் மதிக்கும் அறிஞராக உயர்ந்தவர். இரட்டைக் குட்டி ஈனும் திறனைத் தேர்வின் மூலம் கூட்ட முடியுமா என்று அவர் ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1958-இல் சியர்ஸ் சகோதரர்கள் ஒரு கிடாவை நிறுவனத்துக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். அது ஓர் ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்று.

குட்டிகளின் எண்ணிக்கை தீனி, வயது, காலம் எனப் பலவற்றைப் பொறுத்தது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள். புரூலாவின் வம்சாவளியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த லாரி பைப்பரும் பெர்னி பிண்டனும் 1980-ஐ ஒட்டி வேறொன்று சொன்னார்கள்: இது ஒரே மரபணுவின் வேலை. மெண்டலின் பட்டாணிக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு பிரதி வந்தால் ஒரு பருவத்தில் வெளிவரும் முட்டைகள் சராசரியாக ஒன்றரை கூடும்; இரண்டு பிரதி வந்தால் மூன்று கூடும்.

இந்த ஆடுகளின் சினைப்பையைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது அழகான கணக்கு. நியூசிலாந்தில் கென் மெக்நாட்டியும் கூட்டாளிகளும் கொப்புளங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அளந்து, செல்களை எண்ணினார்கள். சாதாரண மெரினோவில் பட்டாணி அளவுக்கு வந்த பிறகே வெடிக்கும் கொப்புளம், புரூலாவில் மிளகு அளவிலேயே முதிர்ந்துவிடுகிறது. சிறியது என்பதால் அதன் உள்சுவரில் செல்களும் குறைவு; அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் குறைவு. ஆகவே தன்னந்தனியாக நின்று பிட்யூட்டரியைப் போதும் என்று நிறுத்தச் சொல்ல அதற்குக் குரல் போதவில்லை. இன்னொன்று முதிர்கிறது, பிறகு இன்னொன்று. நான்கைந்து சேர்ந்த பிறகே, சாதாரண ஆட்டில் ஒரு பெரிய கொப்புளம் தரும் ஈஸ்ட்ரோஜன் அளவு எட்டுகிறது. அப்போதுதான் எஃப்.எஸ்.எச். தணிகிறது. அப்போதுதான் எல்.எச். வெள்ளம் எழுகிறது. எல்லாம் ஒன்றாக வெடிக்கின்றன.

மூளை தலைகளை எண்ணுவதே இல்லை. தனக்கு வந்து சேரும் ஹார்மோனின் மொத்தத்தைத்தான் அளக்கிறது. பத்துப் படி நெல் கேட்பவருக்கு அது ஒரே மூட்டையில் வந்தால் என்ன, ஐந்து பைகளில் வந்தால் என்ன? ஆனால் ஆட்டுக்கு ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு முட்டை இருக்கிறது.

குறை பிட்யூட்டரியில் இருக்கலாம், அது எஃப்.எஸ்.எச்.-ஐ அதிகம் அனுப்புவதால் இப்படி நடக்கலாம் என்ற ஐயம் சிலருக்கு நீடித்தது. அதைத் தீர்க்கக் கழுத்துச் சினைப்பையே மறுபடியும் வந்தது. எடின்பரோவில் புரூலா மரபணு உள்ளவை, இல்லாதவை என இருவகைப் பெட்டைகளின் சினைப்பையையும் கழுத்துக்கு மாற்றினார்கள். அவற்றின் சொந்தப் பிட்யூட்டரி ஹார்மோன்களை மருந்தால் அடக்கிவிட்டு, வெளியிலிருந்து இரண்டு வகைக்கும் ஒரே அளவு கொடுத்தார்கள். அப்போதும் மரபணு உள்ளவற்றில்தான் கூடுதல் கொப்புளங்கள், சிறிய அளவிலேயே முதிர்ந்தன. 2003-இல் வெளியான இந்த முடிவு, மாற்றம் சினைப்பைக்குள்ளேயே வேலை செய்கிறது என்பதை உறுதிப்படுத்தியது.

மரபணு எது என்பதை அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 2001-இல், பிரான்ஸ், நியூசிலாந்து, பிரிட்டன் என்று மூன்று இடத்து ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்திருந்தன. பெயர் பி.எம்.பி.ஆர்.-1பி. எலும்பு வளர்ச்சியைத் தூண்டுவதாக முதலில் அறியப்பட்டதால் எலும்பின் பெயரையே தாங்கிய ஒரு புரதக் குடும்பம் உண்டு. அதன் செய்தியைச் செல்லின் மேல் நின்று வாங்கும் வாங்கி இது. புரூலாவில் அந்த வாங்கிப் புரதத்தின் 249-ஆம் இடத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் இருக்கிறது. நீண்ட சங்கிலியில் ஒரு மணி மாறியிருக்கிறது, அவ்வளவே. இந்தக் குடும்பத்துப் புரதங்கள் கிரானுலோசா செல்களை அவசரமாக முதிராதபடி பிடித்து வைப்பவை. பிடி தளர்ந்ததும் கொப்புளம் மிளகளவிலேயே முதிர்கிறது.

அதே குடும்பத்தின் இன்னொரு புரதம் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. பி.எம்.பி.-15 என்ற அதைச் சுரப்பது முட்டையே. நியூசிலாந்தில் ஏ-281 என்று எண்ணிட்ட ஒரு ராம்னி இனப் பெட்டை 11 ஈற்றில் 33 குட்டி ஈன்றது. அதன் வம்சத்தில் எக்ஸ் குரோமோசோமில் இந்த மரபணு பழுதாகியிருந்ததை 2000-இல் கண்டார்கள். இன்வர்டேல் என்று அந்த வம்சத்துக்குப் பெயர். பழுதான பிரதி ஒன்று இருந்தால் குட்டி கூடுகிறது. இரண்டும் பழுதானால் கொப்புளம் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. சினைப்பை வெறும் கீற்றாகச் சுருங்கி, பெட்டை மலடாகிறது. கொப்புளம்தான் முட்டையை வளர்க்கிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். முட்டையின் சொல் இல்லாமல் கொப்புளமே எழாது என்று சொன்னவை இந்த ஆடுகள். 2004-இல் இத்தாலியில், சினைப்பை செயலிழந்த இரு சகோதரிகளிடம் இதே மரபணுவில் மாற்றம் இருந்தது தெரியவந்தது. இரட்டைக் குழந்தை பெறும் தாய்மாரின் மரபணுக்களை 2016-இல் பெரிய அளவில் ஒப்பிட்டபோது, முன்னால் நின்றவற்றுள் ஒன்று எஃப்.எஸ்.எச்.-ஐ உண்டாக்கும் மரபணு. மற்றொன்று கொப்புளத்துக்குள் இந்த வகைச் செய்திகளைக் கடத்துவது. எலி ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டை விடும். செம்மறியும் பெண்ணும் ஒன்றோ இரண்டோதான். பெண்ணுடலின் இந்தக் கணக்கைப் படிக்க எலியைவிட ஆடு நல்ல ஆசிரியராக அமைந்தது அதனால்தான்.

புரூலாவின் மரபணு ஆஸ்திரேலியாவில் பிறந்ததுதானா? சிட்னி குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில், 1790-களில், கல்கத்தாவிலிருந்து போன கப்பல்களில் வங்காள ஆடுகளும் போயின. உருவத்தில் சிறியவை, கம்பளிக்கு உதவாதவை, ஆனால் அடிக்கடி பல குட்டிகள் ஈன்றவை. அவற்றின் இரத்தம் பிற்பாடு வந்த மெரினோ மந்தைகளில் கலந்து மறைந்தது. டர்னர் இந்த வரலாற்றைத் தேடிப் பிடித்து, புரூலாவின் ஊற்று வங்காளத்தில் இருக்கலாம் என்று கருதினார். 2002-இல் மரபணுச் சோதனை அதற்குச் சான்று தந்தது. சுந்தரவனத்தின் காரோல் ஆடுகளிடம் அதே 249-ஆம் இடத்து மாற்றம் இருந்தது.

காரோல் முழங்கால் தண்ணீரில் நின்று மேயும் ஆடு. உவர் சேற்றிலும் குளம்பு அழுகாது. வளர்ந்த பெட்டையின் எடை 10 முதல் 15 கிலோதான். அதை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் நிலமற்றவர்கள், சிறு உழவர்கள். இரண்டும் மூன்றுமாக ஈனும் பெட்டையை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். மூன்று நாட்டு ஆய்வகங்கள் தேடிய மாற்றம் அந்தச் சேற்றில்தான் காப்பாற்றப்பட்டிருந்தது. இந்தக் கதையில் நான் முதல் வணக்கம் சொல்ல விரும்புவது அந்தப் பெயர் தெரியாத வளர்ப்பாளர்களுக்கு.

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் பல்டன் என்ற ஊரில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே சந்தா நிம்ப்கரும் உடனிருப்பவர்களும் 1990-களில் காரோலைக் கொண்டுவந்து, தக்காணத்து மேய்ப்பர்கள் வளர்க்கும் தக்காணி ஆட்டோடு சேர்த்தார்கள். தக்காணி பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும், நம் தமிழ்நாட்டுச் செம்மறிகள் பலவற்றைப் போல. ஆனால் காரோலைச் சேர்த்தால் பல குட்டி ஈனும் மரபோடு அதன் சிற்றுருவமும் வந்துவிடும். சந்தையில் ஆட்டுக்கு விலை எடையில்தான். எனவே பிறந்த கலப்புக் குட்டிகளைத் திரும்பத் திரும்பத் தக்காணி போன்ற பெரிய ஆடுகளோடு சேர்த்து, மரபணு தெரியவந்த பிறகு இரத்தச் சோதனையால் அந்த ஒரு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். காரோலின் உடல் மெல்ல மெல்லக் கழிந்தது. அந்த ஒற்றை மாற்றம் மட்டும் தங்கியது. நாரி சுவர்ணா என்று அந்த ஆட்டுக்குப் பெயர். ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனமும் காரோலை மால்புரா, பட்டண்வாடி இனங்களோடு சேர்த்து அவிஷான் என்ற ஆட்டை உருவாக்கியது.

பல்டனில் மேய்ப்பர்களுக்குக் கொடுக்க விரும்பியது ஒரு பிரதி உள்ள பெட்டையையே. இரண்டு பிரதி இருந்தால் இன்னும் அதிகம் ஈனுமே என்று கணக்குப் பார்ப்பவருக்கு, ஆட்டின் மடியைக் காட்ட வேண்டும். அதில் காம்பு இரண்டுதான். மூன்றாவது குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்க ஆள் வேண்டும். கடைசி மாதங்களில் சினையாட்டுக்குக் கூடுதல் தீனி வேண்டும். நாளெல்லாம் நடக்கும் மந்தையோடு நோஞ்சான் குட்டியும் நடந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் பரந்த மேய்ச்சல் நிலங்களில், கிடந்த இடத்திலேயே ஈன்று, ஆள் துணையில்லாமல் வளர வேண்டிய புரூலாக் குட்டிகள் பெருமளவில் இறந்தன. மரபணுவின் பெயர் அறிவியலில் நிலைத்தது. ஆடு அங்கே பண்ணைகளில் பரவவில்லை. ஆளைப் பெயரிட்டு அழைப்பது போல ஒவ்வொரு ஆட்டையும் அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் சிறு மந்தைக்காரர், இரண்டாவது குட்டியைக் கையில் எடுத்துத் தாயின் மடியில் விடுவார். நாரி சுவர்ணாவின் பெட்டைகள் அத்தகைய மந்தைகளை நம்பியே வெளியே அனுப்பப்பட்டன. கொப்புளம் மிளகளவில் முதிர்வதா, பட்டாணியளவில் முதிர்வதா என்பதை ஒரு அமினோ அமிலம் தீர்மானிக்கிறது. கிடைத்த இரண்டு குட்டியும் பால்குடி மறக்கும்வரை பிழைக்குமா என்பது அன்றைக்கு அந்த வீட்டில் கொள்ளும் தீவனமும் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது.